மகள் எழுத்தாளராகப் போகிறாளாம்: களுவாஞ்சிகுடி அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகள், எழுத்தாளராகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றீர்கள். "எழுதிச் சோறு தின்னலாமா, சேர்?" என்றும் கேட்டீர்கள். அவளுக்கு முன்னால் மழுப்பிவிட்டேன். இப்போது நேராகச் சொல்கிறேன். இப்போதைக்கு முடியாது. நம் பக்கத்தில் தமிழ் நூல் ஒன்று 300, 500 பிரதிகள் அச்சாவதே வழமை. அதிலும் பெரும்பகுதி வெளியீட்டு விழாவில் மாமா, மச்சான், கூடப் படித்தவர்கள் உறையில் காசு வைத்து வாங்கிப் போவது. அச்சகக் கணக்குத் தீர்ந்தாலே பெரிய காரியம்.

ஆனபடியால் பிழைப்புக்கு ஒரு கொப்பி, எழுத்துக்கு ஒரு கொப்பி என்று பிரித்துவிடுங்கள். உங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதப் பார்த்ததால் வந்தது. பிழைப்புக் கொப்பி எளிது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி எப்படி வந்தாலும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீடம், கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், தாழங்குடா கல்வியியற் கல்லூரி என வழிகள் உண்டு. இடையில் கிடைக்கும் மாதங்களில் சிங்களம் எழுதப் பேசப் பழகினால், மொழிபெயர்ப்பு வேலைக்கும் ஒரு கதவு திறக்கும். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளும் விஞ்ஞானப் பட்டதாரி, ஆசிரியர், பிறகு பேராசிரியர். பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய 'யாழ் நூல்' என்ற நூலுக்கான பல்லாண்டு ஆராய்ச்சி இந்த வேலைகளின் நடுவேதான் நடந்தது. நூல் வந்தது 1947இல், அவர் மறைந்த ஆண்டில்.

எழுத்துக் கொப்பியில்தான் எனக்குக் கவலை. மகள் என்னிடம் மூன்று இலக்குகள் எழுதித் தந்தாள்: ஒரு வருடத்தில் நாவல், சாகித்திய விருது, கொழும்புப் புத்தகக் கடைகளில் தன் நூல். இந்த மூன்றில் அவள் கையில் இருப்பது முதலாவது மட்டும். விருது நடுவர் கையில், கடை வியாபாரி கையில். அடுத்தவர் கையில் இருப்பதை இலக்காக வைத்தால் அது கிடைக்காத அன்றே பேனாவைப் போட்டுவிடுவாள். 'விருது பெறுவேன்' என்பதை வெட்டி, 'இந்த ஆண்டு நான்கு சிறுகதைகளை முடித்து, நான்கையும் அனுப்புவேன்' என்று எழுதச் சொன்னேன். பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தரிடம் இலக்கியப் போட்டி அறிவித்தல்கள் வரும். போய்க் கேட்க வெட்கப்படுகிறாள்; நீங்கள் கூடப் போங்கள்.

நாவலுக்குக் கணக்குப் பார்ப்போம். 50,000 சொற்கள் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு ஆறு நாள் எழுதினால் 1,800. இருபத்தெட்டு வாரத்தில் முதல் வரைவு கையில் இருக்கும். முந்நூறு சொல் என்பது கொப்பியில் ஏறக்குறைய இரண்டு பக்கம்தான். அவளோ நாளுக்கு 2,000 என்று போட்டிருந்தாள். அப்படிப் போட்டவர்கள் பத்தாம் நாள் என்னைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வரைவு முடிந்த பிறகு ஒரு மாதம் தொடாமல் மூடி வைக்க வேண்டும். அதன்பின் திருத்துவதற்கு, எழுதிய காலத்தில் பாதியாவது வேண்டும். கூட்டிப் பாருங்கள், நாற்பத்தாறு வாரம் வரும்; எழுத முடியாத வாரங்களையும் சேர்த்தால் ஒரு வருடத்துக்குள் அடங்குவது கஷ்டம். அடங்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னொன்று, நம்மூர்க் காலண்டர். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் மின்சாரமும் போகும், வீட்டுச் சாமான்களை உயரத்தில் ஏற்றுவதே வேலையாகும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. பெரும்போக அறுவடை நேரத்தில் உங்கள் வீட்டில் யாருக்குத்தான் ஓய்வு? இந்த வாரங்களை முதலிலேயே சிவப்பு மையால் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள். எழுதாத நாளுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருந்தால் குற்ற உணர்ச்சி வராது.

எழுதியதைக் கணினியில் ஏற்றும்போது தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் ஏற்றட்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் கவிதைத் தொகுதியை யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறிப்போயின. அச்சகத்தில் யாரும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் சரவை பார்க்கச் சோம்பல்பட்டேன். 500 பிரதிகளில் 380 கட்டிலுக்கடியில் கிடந்தன. கறையான்தான் முழுவதும் வாசித்து முடித்தது.

யாராவது திருடிவிடுவார்கள் என்று மகள் பயப்படுகிறாள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய அளவிலேயே பதிப்புரிமை அவளுக்கு உரியது. எங்கும் பதிய வேண்டியதில்லை. நூலாக வரும்போது அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம். அந்தப் பேச்சுக்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது.

போகும்போது வாசலில் நின்று, அவளுடைய கதைக் கொப்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னீர்களே, அம்மா, அதை இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆறு வாரம் கழித்து, சனிக்கிழமை காலையில் இருவரும் வாருங்கள். வரும்போது இரண்டு கொப்பிகளும் கையில் இருக்கட்டும்.