ஊர் திரும்பிய பன்னிரண்டாம் நாள்

கேள்வி: எனக்கு வயது 62. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆகஸ்டில் மனைவி, மகள் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாராவுக்கு சஃபாரி போகிறோம். சிங்கம், பாம்பு, எபோலா, தூக்க நோய் என்று நெட்டில் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. நண்பர் சொன்னதால் மலேரியாவுக்கு குளோரோகுயின் வாங்கி வைத்திருக்கிறேன். நடுக்காட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த குளோரோகுயின் அட்டையை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நண்பருக்குத் தெரிந்தது நம்மூர் மலேரியா. தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் வகை. அதற்கு குளோரோகுயின் இன்றும் கேட்கும். ஆப்பிரிக்காவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. அங்கே அந்தக் கிருமி இந்த மருந்துக்கு அடங்காமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கொசுக்கடியைக் கண்டுகொள்ளாமல் இருப்பீர்கள். அதற்கு மாத்திரையே போடாமல் எச்சரிக்கையாக இருப்பது மேல்.

நடுக்காட்டில் என்ன ஆகுமோ என்பதுதான் உங்கள் உண்மையான பயம் என்று தெரிகிறது. அங்கே உங்களைச் சுற்றி ஓட்டுநர், வழிகாட்டி, முகாம் ஊழியர் என்று விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். காய்ச்சல் என்றாலே மலேரியாவைச் சந்தேகிக்கும் ஊர் அது. பெரிதாக ஏதாவது ஆனால், நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து பறக்கும் மருத்துவர் சேவை இருக்கிறது. உங்கள் பயணக் காப்பீட்டில் விமானத்தில் மீட்டுவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கவலை அந்தக் காட்டைப் பற்றியல்ல. நீங்கள் ஊர் திரும்பி, போட்டோக்களை எல்லோருக்கும் அனுப்பி முடித்து, பயணத்தையே மறந்திருக்கும் பன்னிரண்டாம் நாளைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் நாற்பது வயதுக்காரர் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். மழைக்காலம், வார்டு முழுக்க டெங்கு. அவர் ஏற்கெனவே மூன்று நாள் பாராசிட்டமாலும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசினும் சாப்பிட்டிருந்தார். வீட்டில் பப்பாளி இலைச் சாறும் கொடுத்திருந்தார்கள். தட்டணுக்கள் அறுபதாயிரம். டெங்குவாகத்தான் இருக்கும் என்று நானும் டிரிப் போட்டுப் படுக்க வைத்தேன். மறுநாள் காலை கண் மஞ்சளாக இருந்தது, சிறுநீர் கறுத்திருந்தது, பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் அவர் மனைவி, "தான்சானியா போயிட்டு வந்து ரெண்டு வாரம்தான் சார் ஆச்சு" என்றார். ரத்தத்தை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் எங்கும் ஃபால்சிபாரம். ஆர்ட்டிசுனேட் ஊசி, டயாலிசிஸ் எல்லாம் ஆகிப் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் முழுதாக வீணானது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும் என்பது எனக்குத் தெரியாததா என்ன! அன்றிலிருந்து காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் "எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள்?" என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். திரும்பிய முதல் மூன்று மாதத்துக்குள், அதிலும் முதல் மாதத்தில், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. உள்ளே நுழைந்ததும் "எனக்குக் காய்ச்சல்" என்று ஆரம்பிக்காமல், "நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று ஆரம்பியுங்கள். மலேரியாவுக்கு ஸ்லைடும், சில நிமிடத்தில் முடிவு சொல்லும் கார்டு டெஸ்டும் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை இல்லை என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்த்துவிட வேண்டும். குளிர், நடுக்கம், வியர்வை என்று வரிசையாக வருவது பாடப்புத்தக மலேரியா. ஃபால்சிபாரம் வெறும் தலைவலி, உடம்புவலி, வயிற்றுப்போக்கு என்றுகூடத் தொடங்கும். முற்றினால் ஓரிரு நாளில் மூளை, சிறுநீரகம் என்று பிடித்துவிடும். தடுப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டிருந்தாலும் இதே விதிதான். சின்ன வயதில் மலேரியா வந்திருக்கிறது, அதனால் உடம்பில் எதிர்ப்பு இருக்கும் என்ற கணக்கும் செல்லாது.

இனி தடுப்பு மாத்திரை. மாரா மேட்டு நிலம், குளிர் அடிக்கும், கொசு இருக்காது என்று சிலர் சொல்வார்கள். கென்யாவில் 2500 மீட்டர் உயரத்துக்குக் கீழே எங்கும் மலேரியா வரலாம். மாரா அந்த உயரத்தைத் தொடுவதில்லை. பொதுவாக நாங்கள் எழுதுவது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அங்கே இருக்கும்வரை சாப்பிட்டு, திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கொசு கடித்ததும் கிருமி நேரே ஈரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. சில நாள் கழித்துத்தான் ரத்தத்துக்கு வரும். அது வரும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டாமா? சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். அரைமணி நேரம் படுக்காதீர்கள், உணவுக்குழாயில் புண் வந்துவிடும். பாலோடு வேண்டாம். வெயில் பட்டால் தோல் சுடும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இதையும் நீங்களாகக் கடையில் போய் வாங்காமல், உங்கள் மற்ற மாத்திரைச் சீட்டைக் காட்டி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பேரக்குழந்தைகள் வருகிறார்கள் என்றால் எட்டு வயதுக்குக் கீழே இந்த மாத்திரை கிடையாது. அவர்களுக்கு வேறு மருந்து, எடைக்கேற்ற அளவு.

மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, உடம்பில் டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு, படுக்கும்போது வலை. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட முக்கியமான ஒன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள்வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக இந்த ஊசி போடும்போது, அபூர்வமாகத்தான் என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியில் கோளாறு, கடுமையான முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று ஏதாவது இருந்தால் போடக்கூடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதற்குத் தடையில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சிங்கம் வண்டியை வண்டியாகத்தான் பார்க்கும், நீங்கள் இறங்காதவரை. செல்ஃபிக்காகக் கூரை வழியே பாதி உடம்பை வெளியே நீட்டாதீர்கள். இரவில் முகாமுக்குள் நடக்க வேண்டுமென்றால் காவலரைக் கூப்பிடுங்கள். ஆற்றிலிருந்து நீர்யானை புல் மேய வருவது அந்த நேரத்தில்தான். பாம்புக்கு மூடிய ஷூவும் டார்ச்சும் போதும். எபோலாவை விடுங்கள். 2014 முதல் 2016 வரை உலகத்தையே மிரட்டிய அந்தப் பரவல் நடந்தது கினியா, லைபீரியா, சியரா லியோனில். அது கண்டத்தின் மறுகோடி.

தூக்க நோய், அதாவது ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய், மிக மிக அபூர்வம். ஆனால் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2012ல் மாராவுக்குப் போய் வந்த ஐரோப்பியர் இருவருக்கு வந்தது. அதைப் பரப்பும் செட்ஸி ஈ பகலில் கடிக்கும், ஓடும் வண்டியைத் துரத்தி வரும், நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறம். அதைப் பிடிக்க வைக்கும் பொறித் துணிகளே அந்த நிறத்தில்தான் இருக்கும். ஆகவே ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு காக்கி எடுத்துப் போங்கள். கடித்த இடத்தில் சில நாளில் புண்ணாகத் தடித்துக் காய்ச்சலும் வந்தால், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

விடுதியில் குரங்குகள் மேசைக்கே வரும். பேரக்குழந்தைகள் கையில் பழத்தைக் கொடுத்து நீட்டச் சொல்லாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே ரேபீஸ் ஊசிக்குக் கிளம்ப வேண்டும்.

அப்புறம், மாராவுக்குச் சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். எதைக் குறைத்தாலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் குறைக்காதீர்கள். போகும் நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்து, கைப்பையில் வையுங்கள். சஃபாரி வண்டி விடியும் முன்பே கிளம்பிவிடும், காலைச் சாப்பாடு தாமதமாகும். சட்டைப்பையில் நாலு பிஸ்கெட் இருக்கட்டும்.