விண்வெளிப் போர்க்கப்பலுக்கு நம்பும்படியான கேடயத்தைக் கதையில் எப்படி அமைப்பது?

விண்வெளிப் போரை வைத்து நாவல் எழுதுவதாகச் சொல்லி, எதிரியின் லேசரையும் எறிபொருளையும் ஒரே ஆற்றல் கேடயம் தடுப்பதாக வைத்தால் வாசகர்கள் ஏற்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏற்பார்கள். ஆனால் ஒன்றுக்கு மட்டும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: கேடயத்தின் மேல் விழுந்த ஆற்றல் எங்கே போகிறது?

பெரும்பாலான கதைகளில் அடி விழும், கேடயம் நீலமாக மின்னும், "இன்னும் 40 சதவீதம்தான் பாக்கி" என்று ஒருவர் கத்துவார். மீதி 60 எப்படிக் கரைந்தது என்று யாரும் சொல்வதில்லை. கதையின் சுவையே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

விண்வெளியில் சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்று கிடையாது. சூடான எதையாவது வெளியே கொட்டலாம், ஆனால் அந்தச் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். மற்றபடி கதிர்வீச்சாக அனுப்புவதுதான் வழி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமோனியா ஓடும் பெரிய தகடுகள் இருப்பது அதற்குத்தான். நம் ஊர் அறை வெப்பநிலையில், அதாவது 300 கெல்வினில், கறுப்பான ஒரு சதுர மீட்டர் பரப்பு சுமார் 460 வாட்தான் வெளியேற்றும். 1200 கெல்வினுக்கு ஏற்றினால் 256 மடங்கு, சுமார் 118 கிலோவாட். உங்கள் கேடயம் ஒரு கிகாவாட்டை, அதாவது நூறு கோடி வாட்டை, விழுங்குகிறது என்றால், அப்படிச் செக்கச்செவேலென்று காய்ந்த பரப்பு இரண்டு ஏக்கருக்கு மேல் வேண்டும். அதை விரித்தால் எதிரிக்கு அதுவே குறி. மடக்கினால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். எப்போது விரிப்பது என்று கேப்டன் தவிக்கும் நிமிடங்களை விட்டுவிடாதீர்கள்.

பிளாஸ்மா கேடயம், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவால் ஆன கேடயம், வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பிளாஸ்மா எந்த அலையைத் திருப்பி அனுப்பும் என்பது அதன் அடர்த்தியைப் பொறுத்தது; அலையின் அதிர்வெண் கூடக் கூட, அதைத் தடுக்க அதிக அடர்த்தி வேண்டும். பூமிக்குத் திரும்பும் விண்கலத்தைச் சூழும் பிளாஸ்மா, ரேடியோ தொடர்பைச் சில நிமிடங்கள் துண்டித்துவிடுகிறது. ஒளியின் அதிர்வெண்ணோ ரேடியோவைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். ஆக, அந்த மாதிரிக் கேடயத்துக்குள் உங்கள் ரேடார் குருடாகும், எதிரியின் லேசர் மட்டும் ஜம்மென்று உள்ளே வரும்!

எறிபொருளைத் தடுக்க நிஜத்திலேயே அருமையான கேடயம் இருக்கிறது. 1940களில் ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் சொன்ன யோசனை அது. கலத்தின் சுவரைத் தடிமனாக்காமல், அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தினார். நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும் துகள் அந்தத் தகட்டிலேயே நொறுங்கி, இடைவெளியில் புகைபோல் விரிந்து, பின்சுவரில் பரவலாகத்தான் மோதும்.

1986 மார்ச்சில் ஹாலி வால்நட்சத்திரத்தை நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் கடந்த ஜியோட்டோ விண்கலம் இதைத்தான் நம்பிப் போனது. முன்னால் 1 மில்லிமீட்டர் அலுமினியம், கால் மீட்டர் வெற்றிடம், பின்னால் குண்டு துளைக்காத உடுப்புகளில் வரும் கெவ்லர் இழை 12 மில்லிமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கிராம் தூசி அரைக் கிலோ டிஎன்டி வெடிப்பதற்குச் சமம். மிக நெருங்குவதற்குச் சில நொடிகள் முன்பு ஒரு துகள் அடித்த அடியில் கலம் தள்ளாடி, அரை மணி நேரம் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. கேமரா போய்விட்டது. கலம் பிழைத்தது.

உங்கள் போர்க்கப்பலுக்கு இப்படிப் பல அடுக்குத் தகடுகள் கொடுங்கள். ஓட்டை விழுந்த இடத்திலேயே இரண்டாவது அடி விழுந்தால் முன்தகடு உதவாது. அதனால் கப்பல் தன் அச்சில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். லேசரின் சூடும் ஒரே இடத்தில் சேராது. பெரிய பீரங்கியைக் குறிபார்க்க வேண்டுமென்றால் அந்தச் சுழற்சியைச் சில நொடிகள் நிறுத்தியாக வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். சண்டைக் காட்சி தானாகவே எழுதிக்கொண்டு போகும்.