விளம்பரத்தை இரட்டிப்பாக்கும் முன் ஆர்டர் நோட்டைத் திறங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, எங்கள் இணையதளம் வழியாக விற்கிறோம். போன மாதம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 30,000 ரூபாய் ஆனது. 186 பேர் வாங்கியதாக ஆட்ஸ் மேனேஜர் காட்டுகிறது. எங்கள் நோட்டில் மொத்த ஆர்டரே 118தான். அதிலும் கேஷ் ஆன் டெலிவரியில் போன 21 பார்சல் திரும்பி வந்துவிட்டது. விளம்பரச் செலவைச் சேர்க்காமல், மற்றதெல்லாம் போக ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய் நிற்கும். தீபாவளிக்கு விளம்பரத்தை இரட்டிப்பாக்கலாம் என்கிறார் கணவர். விளம்பரமே வேண்டாம், கையிலிருக்கும் 4,000 நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஆஃபர் அனுப்பினால் போதும் என்கிறார் கொழுந்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நோட்டு சொல்வதைக் கேளுங்கள் சகோதரி. மற்ற இருவரும் இரண்டு வாரம் பொறுக்கட்டும்.

அந்த 186 எங்கிருந்து வந்தது? விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் ஒருவர் வாங்கினாலும், வெறுமனே பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கினாலும், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா வழக்கமாக அதைத் தன் விளம்பரத்தால் வந்த விற்பனையாகவே எழுதிக்கொள்ளும். பல வருடமாக உங்களிடம் வாங்கும் ஓர் அக்கா, எண்ணெய் தீர்ந்ததும் எப்போதும்போல ஆர்டர் போடுகிறார். முந்தின நாள் ரீல்ஸ் தள்ளும்போது உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டிருந்தால், அதுவும் விளம்பரக் கணக்கில்தான் ஏறும். ஆனால் இதை மட்டும் வைத்து 118, 186 ஆகாது. ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிறது என்றே நினைக்கிறேன். ஓர் ஆர்டர் விழுந்ததும் மெட்டாவுக்கு இரண்டு வழியில் தகவல் போகும்: வாங்குபவரின் பிரௌசரில் ஓடும் பிக்ஸல் என்ற சிறு நிரல் ஒன்றை அனுப்பும், உங்கள் சர்வரிலிருந்து கன்வர்ஷன்ஸ் ஏபிஐ என்ற இணைப்பு இன்னொன்றை அனுப்பும். பொதுவாக இரண்டிலும் ஒரே ஈவென்ட் ஐடி, அதாவது அந்தப் பதிவின் அடையாள எண், இருந்தால்தான் மெட்டா ஒன்றைக் கழிக்கும். இந்தப் பதிவுகளைக் காட்டும் மெட்டாவின் ஈவென்ட்ஸ் மேனேஜரில், டெஸ்ட் ஈவென்ட்ஸ் என்ற சோதனைப் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, நீங்களே அரை லிட்டருக்கு ஆர்டர் போட்டுப் பாருங்கள். இரண்டும் கழியாமல் தனித்தனி பர்ச்சேஸாக நின்றால், தளம் செய்துகொடுத்தவரைக் கூப்பிட்டு உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 4,000 நம்பர். உங்கள் தொழிலின் உண்மையான சொத்து இதுதான், ஆனால் இப்படிப்பட்ட பட்டியல் பெரும்பாலும் அழுக்காகத்தான் இருக்கும். ஒரே ஆளின் நம்பர் ஒரு வரியில் 91 சேர்த்தும், ஒரு வரியில் முன்னால் பூஜ்யம் போட்டும், இன்னொரு வரியில் நடுவே இடைவெளி விட்டும் இருக்கும். பெயரும் அப்படித்தான்: 'செல்வி', 'செல்வி அக்கா', 'செல்வி ஈரோடு'. பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பிடியுங்கள். முதலில் எக்செல்லில் நம்பர் இருக்கும் காலத்தை (நெடுவரிசையை) டெக்ஸ்ட் ஆக மாற்றுங்கள். இல்லாவிட்டால் எக்செல் முன்னாலிருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும், 12 இலக்க நம்பரைச் சுருக்கிக் காட்டும். இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடைசி 10 இலக்கத்தை மட்டும் எடுங்கள். அது 6, 7, 8, 9 என்று தொடங்காவிட்டால் இந்திய மொபைல் நம்பரே அல்ல. சிங்கப்பூர், துபாய் வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்களை மட்டும் இதற்கு முன்பே தனியாக எடுத்துவையுங்கள்.

இங்கே நிறையப் பேர் செய்யும் ஒரு தவறு உண்டு, தயவுசெய்து நீங்கள் செய்துவிடாதீர்கள். ஆர்டர் பட்டியலில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்திவிடுவார்கள். ஒரே நம்பர் ஐந்து முறை வந்தால் அது குப்பை இல்லை. அந்த வீடு ஐந்து முறை உங்களிடம் வாங்கியிருக்கிறது! ஆர்டர் ஷீட்டில் ஒரு வரியைக்கூட அழிக்காமல், நம்பர்களை மட்டும் வேறு ஷீட்டுக்கு நகலெடுத்து அங்கே ஒற்றையாக்குங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் முதல் ஆர்டர் தேதி, கடைசி ஆர்டர் தேதி, எத்தனை முறை வாங்கினார், பார்சல் திரும்பியதா என்று எழுதுங்கள். 'மெசேஜ் வேண்டாம்' என்றவர்களுக்கும் ஒரு காலம் வேண்டும். உட்கார்ந்தால் மூன்று நாள் வேலை.

இந்த ஷீட் வந்த பிறகுதான் குறிக்கோளைப் பேச முடியும். 'விற்பனை கூட வேண்டும்' என்பது ஆசை, அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எண்ணெய் வீட்டில் தீர்ந்துகொண்டே இருக்கும் பொருள். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது, எத்தனை புதிய வீடுகள் வந்தன, அதில் எத்தனை வீடுகள் இரண்டு மூன்று மாதத்துக்குள் திரும்ப வாங்கின என்பதை. போன மாதம் 118இல் திரும்பி வந்த 21 போக நிலைத்த 97 ஆர்டரில் 57 பழைய நம்பர் என்று வைத்துக்கொள்வோம். புதிய வீடு 40. 30,000 ரூபாயை 40 ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு 750. ஆர்டருக்கு 200 என்றால், அந்த வீடு நான்காவது முறை வாங்கும்போதுதான் போட்ட பணம் திரும்பும். உங்கள் வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை முறை வாங்குகிறார் என்று ஷீட்டில் பாருங்கள். ஆறு முறை என்றால் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு முறைதான் என்றால், விளம்பரத்தை இரட்டிப்பாக்குவது நஷ்டத்தை இரட்டிப்பாக்குவதுதான்.

எதுவானாலும், சுத்தம் செய்த பட்டியலை மெட்டாவில் ஏற்றி, பழைய வாடிக்கையாளர்களை விளம்பரத்திலிருந்து விலக்கிவிடுங்கள். விவரத்தை இப்படிப் பயன்படுத்த அவர்கள் சம்மதம் வேண்டும், அதை ஆர்டர் பக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

தீபாவளிக் கணக்கில் இன்னொரு சிக்கல். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால், ஒன்றில் பண்டிகைக்கு முந்தைய வாரமெல்லாம் விழும், இன்னொன்றில் விழாது. நல்லெண்ணெய்க்கு அந்த வாரம்தான் எல்லாம். தீபாவளிக்கு முந்தைய 6 வாரம் என்று பின்னோக்கி எண்ணி ஒப்பிடுங்கள்.

கொழுந்தனார் யோசனைக்கு வருகிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பின் சாதாரண பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்), உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். ஆகவே 4,000 பேருக்குப் போகிறது என்ற நினைப்பே வேண்டாம். யோசனை மோசமில்லை, சோதித்துப் பார்க்கலாம். கடைசியாக வாங்கி 45 முதல் 75 நாள் ஆனவர்களை மட்டும் ஷீட்டில் எடுங்கள். நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மெசேஜ் அனுப்புங்கள், இரட்டைப்படை என்றால் அனுப்பாதீர்கள். 14 நாள் கழித்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். அனுப்பாத பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு வாங்கியிருந்தால், அவர்கள் ஆஃபர் இல்லாமலே வாங்கியிருப்பார்கள். நீங்கள் தள்ளுபடியைச் சும்மா கொடுத்திருப்பீர்கள். அனுப்பிய பக்கம் தெளிவாகக் கூடியிருந்தால், தள்ளுபடி போக நிற்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு மீதிப் பேருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.