எலெக்ட்ரிக் கிட்டாரின் டோன்: கையிலிருந்து வருவது எவ்வளவு?

கேள்வி: தொடக்கநிலைக் கிட்டாரும் 10 வாட் பயிற்சி ஆம்ப்ளிஃபயரும் வைத்து ஓராண்டாக வாசிக்கிறேன். பதிவுகளில் கேட்கும் கனமான, நீண்டு ஒலிக்கும் டோன் எனக்கு வரவில்லை. 60,000 ரூபாயில் வேறு கிட்டார் வாங்கலாமா, அல்லது குறை என் கையில்தானா?

பதில்: கிட்டாரை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் தேடும் டோனில் பெரும்பகுதி விரல்களிலிருந்தும், எஞ்சியதில் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் வருகிறது.

ஒரே தந்தியை, கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் ஹார்மோனிக்ஸ் எனப்படும் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகவும், கழுத்துப் பக்கமாக நகர்ந்து மீட்டினால் அவை குறைந்து மென்மையாகவும் வரும். குயீன் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, தந்தியை மீட்டப் பயன்படும் பிக் என்ற சிறு தகட்டுக்குப் பதிலாக, ஆறு பென்னி என்ற பழைய பிரிட்டிஷ் நாணயத்தால் வாசிப்பவர். அதன் வரிவிளிம்பு தந்தியில் உரசும்போது எழும் மெல்லிய கரகரப்பு அவர் டோனின் ஓர் அடையாளம். 1963இல் தந்தையுடன் சேர்ந்து அவர் செய்யத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, பழைய கணப்பு மாடத்தின் மரத்திலிருந்து செதுக்கியது. ஆனால் அவர் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரை விட்டுக்கொடுத்ததில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உங்கள் கையை இப்படிச் சோதியுங்கள். மூன்றாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி, இரண்டு ஃப்ரெட் அளவுக்குச் சுருதி உயரும்படி வளைத்து, வைப்ராட்டோ எனப்படும் சுர அசைவு கொடுத்து, ஃபோனில் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை மீட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். வளைத்த சுரம் சற்றே தாழ்ந்து நின்றாலும், வைப்ராட்டோ சீரற்று நடுங்கினாலும், எந்தக் கிட்டாரிலும் அந்த ஒலி மெலிந்தே கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் ஒலிச்சிதைவைக் கூட்டும் கெயினைப் பாதியாகக் குறைத்துவிட்டு இதைச் செய்யுங்கள், ஏனெனில் மிகுந்த டிஸ்டார்ஷன், அதாவது அந்த ஒலிச்சிதைவு, வலிய மீட்டலையும் மெலிய மீட்டலையும் ஒரே மட்டமாக்கிப் பிழையை மறைத்துவிடும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் செய்யும் தவறுகளில் என்னை மிகவும் வருந்தச் செய்வது இப்படிக் கெயினை மிகுதியாக வைப்பதுதான்.

கையால் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. வியர்வையில் கறுத்துப்போன தந்திகளை உடனே மாற்றுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகாவிட்டால் நல்ல பழுதுபார்ப்பவரிடம் செட்டப், அதாவது கிட்டாரைச் சீரமைத்தல், செய்துகொள்ளுங்கள். தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பில் ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் வகையின் மின் இரைச்சலை எந்த விரலாலும் அடக்க முடியாது. அதற்காகத்தான் கிட்டார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். உங்கள் கிட்டாரிலேயே ஹம்பக்கர் பொருத்த முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி ஆம்ப்ளிஃபயரின் சிறு ஸ்பீக்கரால் கீழ்ச்சுரங்களின் கனத்தைத் தர இயலாது. ஆகவே செலவழிப்பதாக இருந்தால் 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஆம்ப்ளிஃபயருக்கே செலவிடுங்கள். கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள வேறொரு கிட்டாரில் வாசித்துப் பார்த்தால், மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.