முதலில் ஆய்வகம், அப்புறம் என்2: ஜப்பான் மேற்படிப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கிட்டத்தட்டப் பாதி ஒரே கேள்விதான்: பேராசிரியர்கள் ஏன் பதில் போடவில்லை? அதனால் அதற்கு இடம் கூட எடுத்துக்கொண்டேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். என்5 முதல் என்1 வரை என்பவை ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் படிகள், என்1 தான் உச்சம்.

கேள்வி: என்5 முடித்துவிட்டேன். என்2 வாங்கிய பிறகு பல்கலைக்கழகங்களுக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். சரிதானே? (கோவை, பொறியியல் கடைசி ஆண்டு)

சரியில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் என்5-இலிருந்து என்2-க்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். 1,000 காஞ்சி (சீன எழுத்துகள்), 6,000 சொற்கள் கையில் இருக்க வேண்டும். அதுவரை எதற்குக் காத்திருக்கிறீர்கள்? பொறியியலிலும் அறிவியலிலும் ஆங்கிலவழி முதுகலை தோக்கியோ, கியோத்தோ, தோஹோகு என்று பல இடங்களில் இருக்கிறது. ஆய்வகத்தை இப்போதே தேடுங்கள், மொழியைக் கூடவே படியுங்கள். வரலாறு, இலக்கியம், சட்டம் என்றால் கதை வேறு. அங்கே என்1 அளவுக்கு வாசிக்கத் தெரியாமல் கருத்தரங்கில் உட்காரவே முடியாது.

கேள்வி: ரோமாஜியிலேயே என்4 வரை போய்விடலாமா? (திருச்சி)

முடியாது. ரோமாஜி என்பது ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் எழுதுவது, தேர்வுத்தாளில் அது கிடையாது. ஜப்பானிய ஒலியெழுத்துகள் இரண்டு வரிசை: ஹிரகானா 46, கதகானா 46. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் முடியும்.

கேள்வி: 60 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஜப்பானியர்களுக்கு இந்திய மாணவர்கள் வேண்டாமா? (மதுரை. இதே கேள்வியை இன்னும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்.)

நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் இணைத்திருந்தீர்கள். நல்லதாயிற்று. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பிக்கிறது. பேராசிரியரின் பெயர் இல்லை. 'உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்' என்கிறீர்கள், ஆனால் அந்த ஆய்வகம் என்ன செய்கிறது என்று ஒரு வரி இல்லை. 60 பேரில் இருவர் பெண்கள். ஒருவர் உங்கள் துறையே இல்லை. இதற்கு யார் பதில் போடுவார்கள்? நான் படித்த ஆய்வகத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் வாரத்துக்குப் பத்தாவது வரும். எங்கள் சென்செய் (பேராசிரியர்) முதல் வரியைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அந்தக் குவியலுக்கு நடுவே உண்மையாகவே உழைத்த ஒரு பிள்ளையின் கடிதமும் கிடந்து வீணானதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் அதனால்தான்.

ஜப்பானில் முதுகலை என்றால் ஓர் ஆய்வகத்துக்குள், ஒரு சென்செயின் கீழ் போய்ச் சேருகிறீர்கள். இரண்டு ஆண்டுகள் அவர்களோடுதான் இருக்கப்போகிறீர்கள். அதனால் 60 பேர் வேண்டாம், ஐந்து பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் செலவழியுங்கள். ரிசர்ச்மேப் என்ற ஆய்வாளர் விவரத் தளத்தில் அவர் பெயரைப் போட்டுச் சமீபத்திய கட்டுரைகளைப் பாருங்கள். காகென் தளத்தில் அவருக்கு இப்போது எந்த ஆய்வுக்கு அரசு நிதி இருக்கிறது, அது எந்த ஆண்டு வரை என்பதெல்லாம் கிடைக்கும். வயதையும் கவனியுங்கள். பல தேசியப் பல்கலைக்கழகங்களில் 65-இல் ஓய்வு. 63 வயதுக்காரரிடம் முனைவர் பட்டத்துக்கு இடம் கேட்டால் அவர் எப்படிச் சம்மதிப்பார்?

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. குடும்பப்பெயரோடு 'சென்செய்' சேர்த்து அழையுங்கள். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த திட்டப்பணி, எந்த ஆண்டு எந்த வழியில் வர நினைக்கிறீர்கள், இவ்வளவு போதும். பிப்ரவரியில் ஆய்வேடும் நுழைவுத் தேர்வும் அவர்கள் கழுத்தை நெரிக்கும். ஏப்ரல் கடைசியில் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை. அந்த நாட்களைத் தவிருங்கள். கியோத்தோ போன்ற இடங்களில் பேராசிரியருக்கு நேரடியாக எழுதவே கூடாது, முதலில் சேர்க்கை உதவி அலுவலகம் வழியாகப் போக வேண்டும். இதெல்லாம் போஷூ யோகோவிலும் (விண்ணப்ப விதிமுறைக் கையேடு) சேர்க்கைப் பக்கத்திலும் எழுதியே இருக்கிறது. போஷூ யோகோவைப் படியுங்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவன் நேராக முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா? (திருநெல்வேலி)

பொதுவாக 16 ஆண்டுக் கல்வி கேட்பார்கள். உங்களுக்கு 15 தான். ஆனால் கதவு மூடவில்லை. தகுதியைத் தனியாகப் பரிசீலிக்கும் முறை இருக்கிறது. 22 வயதாகியிருந்தால் பல பல்கலைக்கழகங்கள் பார்ப்பார்கள். அதற்கான கடைசித் தேதி விண்ணப்பத் தேதிக்கு முன்பே வந்துவிடும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். போஷூ யோகோ!

கேள்வி: முதுகலை இடம் என்று சொல்லி ஒரு முகவர் 'கென்கியூசெய்' அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். போகலாமா? (சேலம்)

கென்கியூசெய்க்குப் பட்டம் கிடையாது. ஆறு மாதமோ ஓராண்டோ ஆய்வகத்தில் இருந்து நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் நிலை அது. தேசியப் பல்கலைக்கழகத்தில் பொதுவாக மாதம் 30,000 யென்னை ஒட்டிக் கட்டணம். தேர்வில் தோற்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். வழி நல்ல வழிதான், ஆனால் என்னவென்று தெரிந்து போங்கள். பழைய வினாத்தாள்களைச் சேரும் நாளன்றே கேட்டு வாங்குங்கள். தேர்வு பெரும்பாலும் கோடையில் வரும்.

கேள்வி: எனக்கு 34 வயது. மெக்ஸ்ட் (ஜப்பான் கல்வி அமைச்சகம்) உதவித்தொகை கிடைக்குமா? (புதுச்சேரி)

போகும் ஆண்டின் ஏப்ரல் தொடக்கத்தில் 35 நிறைந்திருக்கக் கூடாது. பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். தூதரக வழியில் விண்ணப்பத்திலிருந்து விமானம் ஏற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். கிடைத்தால் கட்டணம் இல்லை, பயணச்சீட்டு உண்டு, மாதம் 1,45,000 யென்னை ஒட்டிக் கைக்கு வரும்.

கேள்வி: பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார் நண்பர். (ஈரோடு)

நண்பர் ஆய்வகத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மணிக்கு 1,100 யென் என்று வையுங்கள், முழுதாகச் செய்தாலும் மாதம் 1,33,000 யென்னை ஒட்டித்தான் வரும். வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும்? பல தேசியப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கைக் கட்டணம் 2,82,000, ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். கட்டண விலக்குக்கு விண்ணப்பியுங்கள். பாதியோ முழுதோ தள்ளுபடி ஆக வாய்ப்பு உண்டு.

கேள்வி: தமிழ் தெரிந்தால் ஜப்பானியம் சுலபம் என்பது உண்மையா? (யாழ்ப்பாணம்)

இலக்கணத்தில் உண்மை. 'ஷிதே மிரு' என்றால் அப்படியே 'செய்து பார்'. 'ஷிதே ஒகு', 'செய்து வை'. 'வதாஷி மோ', 'நானும்'. 'தரே கா', 'யாரோ'. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். இதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் யோசித்து வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறார்கள் நம் பிள்ளைகள், எனக்கு மனசு ஆறவில்லை. தமிழிலிருந்து நேராகப் போங்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டார். மற்ற மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. படிப்பதற்கு அது தேவையும் இல்லை. காஞ்சிக்கு மட்டும் தமிழ் உதவாது, எழுதி எழுதித்தான் வரும்.

கேள்வி: அனிமே பார்த்தே நன்றாகப் பேசுகிறேன். நேர்காணலுக்குப் போதுமா? (சென்னை)

'ஒரே' (நான்), 'ஒமாயே' (நீ) என்று சென்செயிடம் பேசினால் வாடா போடா என்ற மாதிரி இருக்கும். தெசு, மாசு என்று முடியும் மரியாதை வடிவத்தில் பேசிப் பழகுங்கள். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே இல்லை என்பதால் என்2 சான்றிதழ் வைத்திருப்பவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள்.

கேள்வி: என் பெயரில் 'ழ' இருக்கிறது. கதகானாவில் எப்படி எழுதுவது? (தஞ்சாவூர்)

ல, ள, ழ மூன்றுமே ர வரிசையில் போய்விடும், வேறு வழியில்லை. கடவுச்சீட்டில் உள்ளபடி உச்சரித்து ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். விண்ணப்பம், வார்டு அலுவலகம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒரு எழுத்துகூட மாறாமல் அதையே எழுதுங்கள்.