எந்தப் பத்தி?

கேள்வி: மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஏ.பி. ஆங்கிலத்தில் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம்) டோனி மாரிசனின் ‘பிலவெட்’ நாவலைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பத்தி படித்ததுமே மூடிவிட்டேன். இதையெல்லாம் பெற்றோர் எதிர்த்து நிறுத்தினால் என்ன தப்பு?
– ஒரு தாய், ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா

பதில்: எந்தப் பத்தி? ஊதுபத்தியா, கொசுவத்தியா? ஊதுபத்தி இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே, பெண் துணையில்லாத அடிமை ஆண்கள் கன்றுக்குட்டியிடம் போகும் சமாச்சாரம் வந்துவிடும். புகை கண்ணைக் கரிக்கும். 1856-ல் உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைத் தாண்டித் தப்பிய மார்கரெட் கார்னர், பிடிக்க ஆள் வந்ததும், பிள்ளை மறுபடி அடிமையாகப் போகக் கூடாதென்று இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள். அதிலிருந்து முளைத்த நாவலில் சந்தன வாசனைக்கு எங்கே போவது?

பத்தியை முகர்ந்துவிட்டுப் புத்தகத்துக்குத் தீர்ப்பு சொல்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. கம்பனின் பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டில் காரமானவற்றைப் பொறுக்கி அண்ணா ‘கம்பரசம்’ வைத்தார். ரசத்தை மட்டும் குடித்த கூட்டம், முழு விருந்தும் சாப்பிட்ட மாதிரி ஏப்பம் விட்டது. ரசிகமணி டி.கே.சி. இன்னொரு தினுசு. பிடிக்காத பாட்டா? ‘அது கம்பன் பாடியதே இல்லை’ என்று தள்ளிவிடுவார். ஒருவர் பொறுக்கினார், ஒருவர் புடைத்தார்; முழுக் கம்பன் பரணில் கிடந்தான். இதை எழுதினால் இரு தரப்பிலிருந்தும் வசவுக் கடிதம் வரும். வரட்டும், தபால்காரருக்கும் வேலை வேண்டும்.

உங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இந்தப் பத்தி ஏற்கெனவே ஒரு முறை எரிந்தது. 2013-ல் உங்களைப் போல ஒரு தாய் இதே நாவலை எதிர்த்தார். பள்ளி வாரியம் ஏற்கவில்லை. விவகாரம் சட்டசபைக்குப் போய், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்லும் மசோதா 2016-லும் 2017-லும் நிறைவேற, கவர்னர் மெக்காலிஃப் இரண்டையும் வீட்டோ செய்தார். 2021-ல் அவர் மறுபடி போட்டியிட்டபோது அந்தத் தாய் எதிரணி யங்கினின் விளம்பரத்தில் வந்தார். யங்கின் ஜெயித்தார். 2022-ல் சட்டமும் வந்தது: வெளிப்படையான பாலியல் உள்ள பாடநூல் என்றால் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்; கேட்டால் மாற்றுப் புத்தகம் தர வேண்டும்.

ஆகவே உங்கள் மகளுக்கு மட்டும் வேண்டாம் என்றால் ஆசிரியருக்கு இரண்டு வரிக் கடிதம் போதும். ஆனால் மாற்றுப் புத்தகத்தை எடை பார்த்து வாங்குங்கள். ஏ.பி. இலக்கியத் தேர்வின் மூன்றாவது கட்டுரைக்கு நாவலை மாணவியே தேர்ந்துகொள்ளலாம். ‘பிலவெட்’ படிக்காததால் மார்க் போகாது. பள்ளி சாக்குக்குக் கொடுத்த சோனிப் புத்தகத்தை வைத்து அந்தக் கட்டுரையை எழுதினால் போகும். வகுப்பு விவாதிக்கும்போது பெண் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படிப்பாள். அவளோடு அதைப் பேசப்போவது யார் என்றும் கேட்டு வையுங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து நிறுத்த வேண்டும் என்றால் கடிதம் செல்லாது, மறுபரிசீலனைப் படிவம் வேண்டும். முழுப் புத்தகமும் படித்தீர்களா, எந்தப் பக்கம் ஆட்சேபம், நூல் எதைப் பற்றியது என்றெல்லாம் பொதுவாக அதில் கேட்பார்கள். முதல் கேள்வியிலேயே பல பேனாக்கள் நின்றுவிடும். பள்ளி தரப்பும் சளைத்ததில்லை. படிவம், குழு எதுவும் இல்லாமல், ஒரு போன் வந்த பயத்தில் முதல்வர் சத்தமில்லாமல் புத்தகத்தை அப்புறப்படுத்துவார். பிறகு சண்டை புத்தகத்தைப் பற்றி இருக்காது, மீறிய விதியைப் பற்றி இருக்கும்.

பதிலாக எந்த நூல் வைக்கலாம் என்றும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். ஊர்ப் பாசத்தில் கம்பராமாயணம் என்று எழுதிவிடாதீர்கள். பாலகாண்டத்திலேயே கள்ளும் கலவியுமாக உண்டாட்டுப் படலம் இருக்கிறது.