உணவு வங்கிக்கு எதைக் கொடுப்பது, எப்போது போவது?

கேள்வி: தீபாவளிக்கு உறவினர்களுக்குப் பரிசுக்கூடை வாங்கும் 300 சிங்கப்பூர் வெள்ளியை இந்த ஆண்டு உணவு வங்கிக்குக் கொடுக்கலாம் என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் பிரிக்காத பொட்டலங்கள் சிலவும் பாதி தீர்ந்த அரிசி மூட்டையும் இருக்கின்றன. விருந்தில் மிஞ்சும் பிரியாணியையும் கொடுக்கலாமா? 14, 9 வயதுப் பிள்ளைகளோடு தொண்டூழியம் செய்யவும் ஆசை. எங்கள் புளோக்கில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தோன்றுகிறது. அவருக்கு ஏதாவது வழி உண்டா? (செங்காங் வாசகி)

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு மின்னஞ்சலோ தொலைபேசி அழைப்போ செய்துவிடுங்கள். "இந்த மாதம் உங்களிடம் எது குறைவு?" என்று கேட்டால் போதும். நன்கொடையாக வரும் பொருளில் வீணாவது பெரும்பாலும் கெட்டுப்போய் வீணாவதில்லை. வேண்டாத நேரத்தில் வேண்டாத பொருள் குவிவதால் வீணாகிறது.

யாரைக் கேட்பது என்பது எதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2012இல் தொடங்கிய ஃபூட் பேங்க் சிங்கப்பூர், பொருள்களைத் திரட்டி, முதியோர் இல்லம், குடும்பச் சேவை நிலையம், இலவச உணவுக்கூடம் போன்ற அமைப்புகளுக்குப் பிரித்து அனுப்புகிறது. உங்கள் பொட்டலம் பெரும்பாலும் இன்னோர் அமைப்பின் கை வழியாகத்தான் ஒரு வீட்டைச் சேரும். 2003இல் ஃபூட் ஃப்ரம் தி ஹார்ட் தொடங்கியபோது அதன் வேலை ரொட்டிக் கடைகளில் விற்காத ரொட்டியை இரவில் எடுத்துச் சென்று இல்லங்களுக்குக் கொடுப்பது. இப்போது உலர்பொருள் பைகளும் தருகிறது. பயனாளிகள் தாங்களே பொருளைத் தேர்ந்தெடுக்கும் சமூகக் கடையையும் நடத்துகிறது. வில்லிங் ஹார்ட்ஸ் தினமும் ஆயிரக்கணக்கான சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சமைத்து அனுப்பும் அமைப்பு. அதன் நிறுவனர் டோனி டே 2017இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார். அரிசி, டின் உணவு கொடுப்பதானால் முதல் இரண்டையும், காய் நறுக்கவும் பொட்டலம் கட்டவும் ஆள் தருவதானால் மூன்றாவதையும் அணுகலாம்.

300 வெள்ளிக்குப் பொருளாகத்தான் வாங்க வேண்டும் என்றால், இருபது வகையில் ஒவ்வொன்று வாங்காமல் இரண்டே வகையை அட்டைப்பெட்டிக் கணக்கில் வாங்குங்கள். இது பலருக்கும் தெரியாத விஷயம். பைகள் வரிசை முறையில் நிரப்பப்படுகின்றன. ஒரு மேசையில் எண்ணெய், அடுத்ததில் பிஸ்கட், அதற்கடுத்ததில் சார்டின். நூறு பை நிரப்பும் நாளில் ஒரே அளவு எண்ணெய்ப் போத்தல் நூறு வேண்டும். ஒரு போத்தல் நல்லெண்ணெய், ஒரு ஜாடி ஊறுகாய், ஒரு டப்பா கேக் மாவு எந்தப் பையிலும் பொருந்தாமல் அலமாரியில் நின்று, தேதி முடியும் வரை கிடக்கும்.

அளவையும் யோசியுங்கள். 10 கிலோ அரிசி மூட்டையை மூட்டுவலி உள்ள ஒரு முதியவரால் மின்தூக்கி வரைகூடத் தூக்கிச் செல்ல முடியாது. 5 கிலோவுக்கு மேல் வேண்டாம், 2 கிலோ இன்னும் நல்லது. எண்ணெய் 1 லிட்டர், பிளாஸ்டிக் போத்தலில். கண்ணாடி வேண்டாம். ஒரு போத்தல் உடைந்தால் அந்தப் பெட்டியில் உள்ள மற்ற உணவையும் சேர்த்துத்தான் எறிய வேண்டும். டின்னில் வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கும் வகையாகப் பாருங்கள். ஓரறை வாடகை வீட்டில் டின் திறப்பான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. முதியோரில் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதிகம் என்பதால் எனக்கு இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், இனிப்புச் சேர்த்த காப்பித்தூள் இரண்டிலும் விருப்பமில்லை. ஓட்ஸ், உப்புக் குறைந்த டின் மீன், சர்க்கரை சேர்க்காத பால்மாவு இவை மேல். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரை உள்ள பொருளை முஸ்லிம் குடும்பங்களுக்கும் கொடுக்க முடியும், பை பிரிப்பவருக்கும் தலைவலி குறையும். மாட்டிறைச்சி டின்னைத் தவிர்த்துவிடுங்கள்.

துவரம்பருப்பு, சாம்பார்த்தூள், ஆட்டா மாவு கொடுக்கக் கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பொதுப் பெட்டியில் போடாதீர்கள். கஞ்சி குடித்துப் பழகிய சீன முதியவரின் வீட்டுக்கு அந்தப் பருப்பு போனால் அது சமைக்கப்படாது. தனிப் பெட்டியில் கட்டி, இந்தியக் குடும்பங்களுக்கு என்று வெளியே எழுதி, ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிக் கொடுங்கள். அதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன, பொருள் சரியான சமையலறைக்குப் போகும்.

பணமாகக் கொடுப்பதை மனம் ஏற்காமல் பலர் தயங்குகிறார்கள். அமைப்பு மொத்த விலைக்கு வாங்குவதால் அதே 300 வெள்ளிக்குக் கூடுதல் பொருள் கிடைக்கும். லாரிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் ஆகும் செலவை அரிசி மூட்டையால் கட்ட முடியாது. வரிக்கணக்கிலும் வேறுபாடு உண்டு. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு 2026 டிசம்பர் 31 வரை தரும் ரொக்க நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அதாவது 300 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்திலிருந்து 750 வெள்ளி கழியும். நீங்கள் 7 விழுக்காட்டு வரி அடுக்கில் இருந்தால் மிச்சம் 52 வெள்ளி 50 காசு. நன்கொடை தரும்போதே அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கழிவு பதிவாகாது. மளிகைப் பொருளாகக் கொடுத்தால் இந்தக் கழிவு இல்லை. அமைப்புக்கு ஐபிசி தகுதி இருக்கிறதா என்பதை அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். என் யோசனை: 200 வெள்ளியைப் பணமாகவும், பிள்ளைகள் தூக்கி வந்து வைக்கும் நிறைவுக்காக 100 வெள்ளியைப் பொருளாகவும் கொடுங்கள்.

இனி உங்கள் அலமாரி. பாதி தீர்ந்த அரிசி மூட்டையைக் கொடுக்க முடியாது. பிரித்த பொருளில் வண்டு, ஈரம், கலப்படம் எதையும் பெறுபவரால் சரிபார்க்க இயலாது. வீட்டில் சுட்ட முறுக்குக்கும் அதிரசத்துக்கும் இதே விதிதான். பிரிக்காத பொட்டலத்தில் முதலில் தேதியைப் பாருங்கள். குறைந்தது ஒரு மாதமாவது மீதமிருக்கட்டும், இரண்டு மூன்று மாதம் இருந்தால் நிம்மதி. பெட்டியிலிருந்து எடுப்பது, கிடங்கில் பிரிப்பது, இன்னோர் அமைப்புக்குப் போவது, அங்கே பை கட்டுவது, வீடு சேர்வது என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். அதன் பிறகுதான் அந்தக் குடும்பம் சமைக்க வேண்டும். தேதி எழுதும் முறையிலும் கவனம் தேவை. கொரிய, சீனப் பொருள்களில் ஆண்டு முதலில் வரும். சிலவற்றில் பெரிதாக அச்சிட்டிருப்பது தயாரித்த தேதி. காலாவதித் தேதி இறக்குமதியாளர் ஒட்டிய சிறு வில்லையில் இருக்கும்.

டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, துடைத்தும் போகாத துரு இருந்தாலோ, விளிம்புத் தையலில் நசுங்கியிருந்தாலோ குப்பையில் போடுங்கள். தையல் விட்ட டின்னுக்குள் நச்சுக் கிருமி வளர்ந்தாலும் மணத்தில் தெரியாமல் போகலாம். நடுவயிற்றில் லேசான சொட்டை இருந்தால் பாதகமில்லை.

பிரியாணி வேண்டாம். சோற்றில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து (ஸ்போர்) கொதியிலும் சாகாது. சோறு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிடக்கும்போது அது முளைத்து நச்சை உருவாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நம் ஊர் வெயிலில், மூடிய அண்டாவுக்குள், மதியம் ஆக்கிய பிரியாணி மாலைக்குள் அந்த நிலைக்கு வந்துவிடும். கேட்டரிங் உணவைச் சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதும் இதனால்தான். விருந்தினர் கரண்டி பட்ட உணவை யாருக்கும் கொடுக்காதீர்கள். மிஞ்சும் என்று முன்பே தெரிந்தால், பரிமாறும் முன் தனிப் பாத்திரத்தில் எடுத்து, சூடாக, சமைத்த நேரத்தை எழுதி, ஏற்கெனவே சம்மதித்த பக்கத்து வீட்டாரிடம் அப்போதே கொடுத்துவிடலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கீழே உள்ள சமூகக் குளிர்பதனப் பெட்டியிலும் சமைத்த உணவு, பச்சை இறைச்சி, மீன் வைக்காதீர்கள். காய்கறி, பழம், முட்டை, பிரிக்காத பால் வைக்கலாம். வாடிய கீரையை வைத்தால் அதைக் கழுவித் துடைப்பது அங்கே வரும் தொண்டூழியர்தான்.

கொடுத்த உணவால் யாருக்காவது உடம்பு கெட்டால் வழக்கு வருமோ என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய குட் சமாரிட்டன் உணவு நன்கொடைச் சட்டம் நன்கொடையாளருக்குப் பாதுகாப்பு தருகிறது, நான்கு நிபந்தனைகளோடு. கொடுக்கும் நேரத்தில் உணவு பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும், எப்படி வைத்துக் கையாள வேண்டும் என்பதையும் பெறுபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு, சுகாதார விதிகளைப் பின்பற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். அட்டையில் நேரத்தை எழுதுவது ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

தொண்டூழியத்துக்கு வருவோம். கிவிங் டாட் எஸ்ஜி இணையத்தளத்திலும் அமைப்புகளின் சொந்தப் பக்கங்களிலும் பதியலாம். தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு சமயத்தின் சனிக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கை போதாமல் தவிப்பது வார நாள் காலையிலும், பண்டிகை இல்லாத மாதங்களிலும்தான். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தால் இடமும் கிடைக்கும், உங்கள் வருகை உண்மையிலேயே தேவையாகவும் இருக்கும். குறைந்தபட்ச வயது அமைப்புக்கு அமைப்பு மாறும். 9 வயதுப் பிள்ளையை உணவு பிரிக்கும் வேலைக்குப் பெற்றோருடன் ஏற்பார்கள், கத்தியும் அடுப்பும் உள்ள சமையற்கூடத்தில் ஏற்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, பதியும்போதே கேளுங்கள். மூத்தவருக்குப் பள்ளியின் வி.ஐ.ஏ. (மாணவர் சமூகத்தொண்டுத் திட்டம்) மணிநேரம் வேண்டுமானால் சான்று தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மூடிய காலணி கட்டாயம். 24 பெரிய சார்டின் டின் கொண்ட பெட்டி 10 கிலோவைத் தாண்டும், அது செருப்புக் காலில் விழக் கூடாது. முழங்காலை மடக்கித் தூக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவுப் பக்கம் போகாதீர்கள். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பத்துப் பேருக்குத் திட்டமிட்ட வரிசையில் மூவர் வராவிட்டால் லாரி தாமதமாகும். வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை கிடைத்தால் வாசலில் படம் எடுக்க வேண்டாம், பிள்ளைகளின் கைத்தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். தமிழ் மட்டும் பேசும் முதியவர்கள் இருக்கும் புளோக்குகளில் உங்களைப் போன்றவர்கள் மிகவும் தேவை. டின்னில் என்ன இருக்கிறது, எப்போது கெடும் என்று தமிழில் சொல்ல ஆள் இல்லாததால் பிரிக்கப்படாமலேயே கிடக்கும் பொருள் உண்டு. பதியும்போது மொழியையும் குறிப்பிடுங்கள்.

கடைசியாக அந்தப் பாட்டி. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் நிலையம் ஃபூட் பேங்க்குக்காக நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. 10.4 விழுக்காட்டுக் குடும்பங்கள் முந்தைய 12 மாதங்களில் ஒரு முறையாவது போதிய உணவின்றி இருந்தன. அவர்களில் உதவி நாடியவர்கள் 22 விழுக்காடுதான். தெரியாமை, கூச்சம், தன்னைவிட மோசமான நிலையில் வேறு யாரோ இருப்பார்கள் என்ற எண்ணம் எல்லாம் அதற்குக் காரணம். அதனால் பையை நீட்டி "இந்தாங்க பாட்டி" என்று தொடங்காதீர்கள். சில நாள் பேசிப் பழகி, காசு இல்லையா, சமைக்க முடியவில்லையா, பல் பிரச்சினையா, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பணம் இல்லையென்றால் அரசாங்க நிதியுதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000 அல்லது அருகிலுள்ள சமூக சேவை அலுவலகம். நடமாட முடியாமல் சமைக்கவும் இயலாவிட்டால் வீட்டுக்கே சாப்பாடு வரும் திட்டம் உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் கேளுங்கள். துணை இல்லாததுதான் காரணம் என்றால் அக்கம்பக்கத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு முதல் முறை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். எதைச் செய்வதானாலும் அவர் சம்மதித்த பிறகு செய்யுங்கள், அழைக்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.